கறையானுக்குக் காது கொடுத்தவர்

"கொஞ்சம் பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டு, என் புத்தக அலமாரியின் பக்கப் பலகையில் இடது காதை வைத்து அழுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கொதித்துக்கொண்டிருந்த தேநீரைக் காட்டி அடுப்பை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். மின்விசிறியைக் காட்டினார். அதையும் நிறுத்தினேன். என் வீட்டில் நானே திருடன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் கழித்துக் காதை எடுத்தவர், "ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு. இப்ப டீ குடுங்க" என்று நாற்காலியை இழுத்தார். உட்காருவதற்கு முன் அதற்கும் குனிந்து ஒருமுறை காது கொடுத்தார்.

அவர் என் வீட்டுக்காரம்மா. மாடியில் என்னைக் குடிவைத்துவிட்டு, கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். பல்கலைக்கழகத்தில், நாளைக்கு நூலகர்களாகப் போகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். மாணவர்கள் வைத்த பெயர் ஸ்டெதஸ்கோப் மேடம். அது அவருக்குத் தெரியும். வருத்தமில்லை. "பரவாயில்ல, டாக்டருக்குச் சமமா வெச்சிருக்காங்க" என்பார். நானும் மேடம் என்றே கூப்பிடுகிறேன்.

மரம் என்று இருந்தால் அவர் காதுக்குத் தப்பாது. ஒருமுறை வங்கிக்குப் போனவர், மேலாளர் எதிரிலேயே மேசையில் தலையைச் சாய்த்துவிட்டார். மயக்கம் என்று நினைத்து அந்த மனிதர் தண்ணீருக்கு ஆளனுப்பினார். மருத்துவரிடம் போனதையும் அவரே சொன்னார்: "அவர் என் நெஞ்சைக் கேட்டாரு, நான் அவர் மேசையைக் கேட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லன்னாரு. மேசைக்குத்தான் கொஞ்சம் கவனம் வேணும்னு சொல்லிட்டு வந்தேன்."

உயரமான, ஒடிசலான உருவம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதைத் தேடிக்கொண்டேயிருப்பார். எந்த அறைக்குள் வந்தாலும் நடுவில் நடக்கமாட்டார். சுவரை ஒட்டி, பூனை போகிற மாதிரி சுற்றிக்கொண்டுதான் எதிர்ப்பக்கம் போவார். தரை சிமெண்ட்டானாலும் சரி, பளிங்கானாலும் சரி. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரிந்த பிறகு நானும் சில நாள் சுவரோரமாகத்தான் நடந்தேன்.

வகுப்பில் அவர் சொல்லும் முதல் வாக்கியம் ஒவ்வொரு வருடமும் ஒன்றுதானாம்: "புத்தகத்தைத் தொடறதுக்கு முன்னாடி அலமாரியைக் கேளுங்க." எதைக் கேட்க வேண்டும் என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்பார். அனுமதியா, ஓசையா? "ரெண்டும்தான். ரெண்டுக்கும் நம்ம கிட்ட ஒரே வார்த்தைதானே இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவருடைய அண்ணனும் அண்ணியும் சாப்பிட வருவார்கள். அண்ணன் அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியல். சூத்திரம் எழுதுகிறவர் அல்ல, கருவியோடு மல்லுக்கட்டுகிறவர். மெல்லிய கம்பியில் ஓர் எடையைத் தொங்கவிட்டு, அது மயிரிழை அசைகிறதா என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணி பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்கிறவர். முக்கியமாகக் கறையான். "அசையாத ஒண்ணை உட்காந்து பாக்கறதுதான் இவரு வேலை. பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்" என்று அண்ணி ஒவ்வொரு வாரமும் சொல்வார். அண்ணன் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார். அவருடைய வலது கை மடியிலேயே கிடக்கும். இடது கையால்தான் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார்.

அந்தக் கையின் கதையை மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டாக எனக்குச் சொன்னார்கள்.

பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால் ஒரு பழைய இணைப்புக் கட்டடம் இருந்தது. கீழே மேடத்தின் வகுப்பறை. மேலே மரமாடி. கனத்த மர உத்திரங்களின்மேல் பலகை பாவி, அதன்மேல் தலையுயரத்துக்குமேல் அலமாரிகள், பழைய சஞ்சிகைகளின் கட்டுகள். உத்திரங்களின் ஒரு முனை பக்கத்துக் கட்டடத்துச் சுவருக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அந்தச் சுவரின் மறுபக்கம் அண்ணனின் ஆய்வகம்.

அண்ணனின் எடை திடீரென்று அசையத் தொடங்கியது. நடுக்கம் கொஞ்ச நேரம் வரும், நிற்கும், மறுபடி வரும். அவர் லிஃப்ட்டைச் சந்தேகப்பட்டு நிறுத்த வைத்தார். ஜெனரேட்டரைச் சந்தேகப்பட்டார். மாணவர்களைச் செருப்பில்லாமல் நடக்கச் சொன்னார். நடுக்கம் போகவில்லை. கடைசியில் சட்டைப் பொத்தான் அளவுள்ள சென்சார் ஒன்றைச் சுவரில் ஒட்டி, வருவதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். கூட்டிப்போக வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது மெஷின் இல்லங்க" என்றாராம். "யாரோ பயந்துபோய்த் தலையை முட்டிக்கறாங்க."

அண்ணி விளக்கியது இது. கறையான் கூட்டத்தில் காவலுக்கென்று ஒரு ஜாதி உண்டு. பெரிய தலை, கண் கிடையாது. ஆபத்து வந்தால் அது தலையால் மரத்தை இடிக்கும், படபடவென்று, ஒரே சீராக. அடுத்தது அந்த அதிர்வைக் காலால் உணர்ந்து தானும் இடிக்கும். அப்படியே செய்தி உத்திரம் முழுக்க ஓடிவிடும். காதில்லாத உயிர்கள், கண்ணில்லாத தலைகள், இருட்டில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன.

மூன்று துறைகளும் சேர்ந்து ஆராய்ச்சி செய்வதென்று முடிவானது. உத்திரங்களில் வரிசையாக சென்சார் ஒட்டினார் அண்ணன். கறையானைக் கொல்லாமல் பார்த்துக்கொள்வது அண்ணியின் வேலை. எந்த அலமாரியில் என்ன இருக்கிறது, எவ்வளவு அரித்திருக்கிறது, யார் எப்போது மேலே போகிறார்கள் என்பது மேடத்தின் பொறுப்பு. அவருடைய வகுப்பறை மேசையில் ஒரு ஸ்பீக்கர் வைத்தார்கள்.

"முதல்ல தூறல் மாதிரி இருந்துச்சு" என்றார் மேடம். அது கறையான் மரத்தைக் கடிக்கும் ஓசை. தகரக் கூரையில் ஊசி ஊசியாக விழுவது போல இருக்கும். அதற்குப் பழகிவிட்டார். பழக முடியாதது வேறொன்று.

வகுப்பின் நடுவே யாராவது ஒரு மாணவி மேலே போய்ப் புத்தகம் எடுத்துவரக் கிளம்புவாள். அவள் மாடிப்படியில் கால் வைத்ததும் தூறல் நின்றுவிடும். படியின் தலைமாட்டில் படபடப்பு ஆரம்பிக்கும். அவள் நடக்க நடக்க அந்தப் படபடப்பும் ஒவ்வொரு சென்சாராகத் தாண்டிக்கொண்டு, அவள் காலுக்குக் கீழேயே கூட வரும். அவள் நின்றால் அங்கேயே நிற்கும். அவள் திரும்பினால் திரும்பும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அட்டையைத் தட்டித் தூசி ஊதிக்கொண்டு வருவாள். கீழே பாடம் நடத்திக்கொண்டிருக்கும் மேடத்தின் கண் மட்டும் கூரையில் அவளோடு கூடவே நடந்து வரும்.

"தலைமை நூலகர் வந்தா ஊரே கூடிரும். அவ்வளவு கனம் அந்த மனுஷன்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஸ்பீக்கரை அணைச்சா என்னன்னு தோணும். அணைச்சா மட்டும் அது நடக்காம போயிருமா? அதனால அணைக்கல."

ஒருநாள் காலை ஒரு மாணவி சன்னலோர அலமாரிக்குப் போனாள். படியிலிருந்து படபடப்பு அவளோடு வந்தது. சன்னலுக்கு முன்னால் சட்டென்று நின்றது. ஆனால் அவள் நிற்கவில்லை. பலகை முனகும் சத்தத்தோடு அவள் காலடி போய்க்கொண்டேயிருந்தது. காலுக்குக் கீழே படபடப்பு மட்டும் கூட வரவில்லை. அவள் திரும்பி வந்தபோது, அதே இடத்தில் காத்திருந்தது போலப் படபடப்பு மறுபடி சேர்ந்துகொண்டது.

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். மாடிப்படியின் அடியில் போய் நின்று, சுவரைத் தடவியபடி மெதுவாக இறங்கி வரும்படி மேலே இருந்தவளிடம் சொன்னார். பிறகு வகுப்பையே வெளியே அனுப்பி, இரண்டு தளங்களையும் பூட்டினார்.

அதற்குக் கிடைத்த பெயர் கிறுக்கு. தலைமை நூலகர் குதித்தார். பொறியாளர் ஒருவர் வந்து மாடிப்படிப் பக்கத்து உத்திரத்தை உளியால் குத்திப் பார்த்துவிட்டு, யானையைக் கட்டிப்போட்டாலும் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டிலும் ஒத்துப் போகவில்லை. கூட்டம் அந்தப் பக்கத்தைக் காலி செய்துவிட்டு வேறு பக்கம் போயிருக்கும் என்றார் அண்ணி. பசை விட்டு சென்சார் உரிந்திருக்கும் என்றார் அண்ணன். மேடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "அங்க தின்ன மரம் இல்ல. அதான் அதுங்க இல்ல."

அடுத்த வாரம் திறந்துவிடுவதென்று பல்கலைக்கழகக் கமிட்டி முடிவு செய்தது. திறப்பதற்கு முன் சென்சாரைப் போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று அண்ணன் கிளம்பினார். மேடம் தடுத்தார். "உன் பக்கம் பேசணும்னா எனக்கு ஓர் அளவு வேணும்மா. சும்மா தங்கச்சி சொன்னான்னு போய் நிக்க முடியாது" என்றார் அவர். பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடுவதாகச் சொல்லி மேலே ஏறினார்.

மேடம் வகுப்பறை வாசலில் நின்று ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருந்தார். படியில் படபடப்பு தொடங்கியது. அண்ணனோடு நடந்தது. சன்னலுக்கு முன்னால் நின்றது. அண்ணன் மட்டும் நடந்தார்.

பெரிய புத்தகம் ஒன்றை யாரோ மூடியது போலத்தான் முதலில் இருந்ததாம். சன்னல் மூலை உள்வாங்கியது. மரமாடி ஒரு பக்கமாகச் சரிந்தது. அலமாரிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கட்டுக் கட்டாகக் காகிதம், வகுப்பறை முழுவதையும் நிரப்பிக்கொண்டு இறங்கியது. பிறகு தூசி. அலறல் எதுவும் கேட்கவில்லை. அதைத்தான் மேடம் இரண்டு முறை சொன்னார்.

மீட்புக் குழு வந்தது. கடைசியாகக் காலடி கேட்ட இடம் சன்னல் மூலை என்று மேடம் சொன்னதால் அங்கேதான் தோண்டினார்கள். கட்டுகளைக் கை மாற்றிக் கை மாற்றி வெளியே போட்டார்கள். கூப்பிட்டார்கள். பதிலில்லை. சன்னல் மூலையில் தரை தெரிந்தது, அண்ணன் இல்லை. சரிவில் எங்கோ வழுக்கிப் போயிருக்கிறார். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. தவறான இடத்தில் கைவைத்தால் மேலே நிற்பது முழுவதும் இறங்கிவிடும் என்று குழுத் தலைவர் வேலையை நிறுத்தினார்.

அதற்குள் அண்ணி ஓடி வந்திருந்தார். குவியலிலிருந்து உத்திரங்களின் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. மேடம் முட்டி போட்டு, ஒவ்வொன்றிலும் காது வைத்தார். உள்ளே கறையான்கள் கலவரத்தில் இருந்தன. எந்த உத்திரத்தில் வைத்தாலும் படபடப்பு.

"இதுல மனுஷனை எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி அழுதுகொண்டே சொன்னது மேடத்துக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அதுங்க நிறுத்தி நிறுத்தித் தட்டாது. அதுங்களுக்குக் காத்திருக்கத் தெரியாது. மனுஷன்னா காத்திருப்பான்."

மேடம் முஷ்டியால் மூன்று முறை தட்டினார். உள்ளே எல்லாத் தலைகளும் சேர்ந்து இடித்தன. அடங்கும்வரை இருந்தார். ஒன்றும் இல்லை. அடுத்த உத்திரம். மூன்று தட்டு. ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததில் தட்டி, கலவரம் ஓய்ந்த பிறகு, ஆழத்திலிருந்து வந்தது. மெதுவாக ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு மூன்றாவது.

பிறகு, நெடுநேரம் கழித்து, இன்னும் ஒன்று.

அந்த உத்திரத்தின் மறுமுனை கரும்பலகைக்குக் கீழே போயிருந்தது. நேர் எதிர்ப்பக்கம். அங்கே பக்கவாட்டில் துளைத்துப் போனார்கள். அண்ணன் இருந்தார். உயிர் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் பத்திரிகைச் செய்தியாகப் போயிருக்கும். அண்ணனுக்கு நினைவு திரும்பிய பிறகு, தங்கைதான் தட்டிக் கண்டுபிடித்தாள், நீங்களும் பதிலுக்குத் தட்டினீர்களே என்று யாரோ சொன்னார்கள். அவருக்குப் புரியவில்லை. சன்னல் வரை போனது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு கண்விழித்தது மருத்துவமனையில்தான் என்றார். மறந்திருக்கும் என்று விட்டுவிடலாம். குழுத் தலைவர் பார்க்க வந்தபோது அவரும் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். எடுக்கும்போது இரண்டு கைகளும் அலமாரிப் பலகைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. கால்மேல் கட்டுகள். தட்டுவதற்கு அவரிடம் எதுவுமே விட்டுவைக்கப்படவில்லை.

மேடம் அன்றே இடிந்த இடத்துக்குத் திரும்பிப் போனார். உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள், முழுவதையும் எடுங்கள் என்று மன்றாடினார். இந்த முறை யாரும் அவரைக் கிறுக்கு என்று சொல்லவில்லை. கடைசிக் கட்டு வரை அள்ளினார்கள். உத்திரங்களைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். சிமெண்ட் தரை தெரிந்தது. அண்ணன் கிடந்த இடத்துக்கு அப்பால் ஒருவரும் இல்லை. மாணவர்கள், பணியாளர்கள், எல்லோரும் சரியாக இருந்தார்கள். காணோம் என்று தேடி யாரும் வரவில்லை.

காது மயங்கியிருக்கலாம் என்று சொல்லவும் வழியில்லை. அந்த உத்திரத்து சென்சார் உடையவில்லை. சுவருக்கு மறுபக்கம் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இடது கை மட்டும் தேறி அண்ணன் ஆய்வகத்துக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை அதைக் கேட்டதுதான். மேடம் தட்டியது இருக்கிறது. கலவரம் இருக்கிறது. மெதுவான அந்த மூன்றும் இருக்கின்றன. கடைசி ஒன்றும் இருக்கிறது. மரம் இறுகும் ஓசையா, தண்ணீர்க் குழாயா, எதிரொலியா என்று அண்ணன் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்தார். எதிரொலி ஒன்றைக் கூட்டிச் சொல்லாது. இந்த வேகத்தில் இடிக்கும் பூச்சியைத் தான் பார்த்ததில்லை என்றார் அண்ணி. மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. அதில் இது இல்லை. "என்னன்னு தெரியாததை என்னன்னு எழுதறது?" என்று அண்ணன் என்னிடமே திருப்பிக் கேட்டார்.

பேய் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மேடம் விரலை மடக்கிக் கணக்குச் சொல்வார். "அண்ணன் தட்டல. கறையான் தட்டல. வேற ஆள் இல்ல. ஆனா தட்டுனது நிஜம். தட்டுனதாலதான் அவரு உக்காந்து சாப்பிடறாரு." பயமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். அலமாரிகளில் காது வைப்பதெல்லாம் அதைத் தேடித்தானா என்றும் கேட்டேன். தேடவில்லை என்றார். இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாராம்.

கொஞ்ச நேரம் பென்சிலைத் தேடினார். கொண்டையில்தான் இருந்தது. பிறகு சொன்னார்:

"நான் மூணு தட்டினேன். அதுவும் மூணு தட்டுச்சு. அது வரைக்கும் பதில். அப்புறம் ஒண்ணு தட்டுச்சே, அது பதில் இல்ல. அது என்னைக் கேட்டது. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அண்ணன் கிடைச்சிட்டாருன்னு எழுந்து ஓடிட்டேன்."

அந்த உத்திரத்தில் ஒரு துண்டை அண்ணி அறுத்து எடுத்து வைத்திருக்கிறார். அவருடைய ஆய்வகத்தில், ஈர மண் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில், அதே கூட்டம் அதே மரத்தில் இன்னும் வாழ்கிறது. தங்கையை அழைத்து வந்து, அன்றைக்குப் போலவே மூன்று தட்டச் சொல்லி அளந்து பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. சோதனை என்றால் திரும்பச் செய்து பார்க்க முடியவேண்டும் என்பது அவர் கட்சி. மேடம் இன்றைக்கு, நாளைக்கு என்று நழுவிக்கொண்டேயிருந்தார். போன மாதம் என்ன தோன்றியதோ, வருகிறேன் என்றார். என்னையும் கூட வரச் சொன்னார்.

மத்தியான வெயில் சன்னல் வழியாகத் தொட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. மேடம் சுவரோரமாகச் சுற்றி வந்து நின்றார். அண்ணி மூடியைத் திறந்தார். அண்ணன் இடது கையாலேயே சென்சாரை ஒட்டி, ஸ்பீக்கரைப் போட்டார். தூறல். நான் முதல்முறையாக அதைக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, தூங்கிவிடலாம் போல.

"தட்டும்மா" என்றார் அண்ணன்.

மேடம் கையைத் தூக்கினார். மரத்தைத் தொடவில்லை. அப்படியே நின்றார். அப்போது தூறல் நின்றது. அண்ணி குனிந்து பார்த்துவிட்டு, யாரும் தொடவில்லையே என்று மெதுவாகச் சொன்னார். படபடப்பும் இல்லை. ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. ஆனால் அணைத்து வைத்த ஸ்பீக்கரின் அமைதியாக அது இல்லை. எதிரில் ஒருவர் பேச வாயெடுத்துவிட்டு, நாம் முடிக்கும்வரை காத்திருப்பது போல இருந்தது.

மேடத்தின் கை தானாகத் தாழ்ந்தது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவர். இடது கை விரல்களை மடக்கி, தானே தட்டிவிடுவதற்காகத் தொட்டிக்குள் நீட்டினார்.

மேடம் அந்த முஷ்டியை மரத்துக்கு ஒரு விரல்கடை மேலே தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வாயால் மட்டும் தடுத்தவர், இப்போது தெருவைக் கடக்கும்போது குழந்தையின் கையைப் பிடிப்பது போல. பிடித்தவர், அண்ணி ஸ்பீக்கரை அணைத்து, மூடியைப் போட்ட பிறகும் விடவில்லை.